ரெண்டாவது பத்தியில தளவாய்

"அக்கா, இதுல தளவாய்னு ஒரு பேரு கெடக்கே, யாருக்கா அது?"ன்னு பின்னாடி நின்ன சபூரா கேட்டப்போ இசக்கியம்மாள் திரும்பக்கூட இல்ல. பல்கலைக்கழகக் கட்டணப் பிரிவு மூணாம் நம்பர் ஜன்னலுக்கு முன்னாடி இன்னும் பதினோரு பேர் நின்னாங்க. மணி பதினொண்ணே கால். பன்னெண்டரைக்கு ஜன்னல மூடிருவாங்க, அபராதம் இல்லாம கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாளு. அவ கண்ணு முன்னாடி நின்ன பையனோட முதுகுல வேர்வை பரவுறதப் பாத்துட்டே இருந்துச்சு, இலங்கை மாதிரி ஆரம்பிச்சது இப்போ ஆப்பிரிக்கா அளவுக்கு வந்துருச்சு. "தளவாயா? நம்ம சீனியர்"னா. சொன்ன பெறகுதான் உறைச்சுது. சபூரா படிச்சுட்டிருந்தது உறுதிமொழிப் படிவம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டணத்தோட சேத்துக் குடுக்குற அந்த ஒத்தப் பேப்பர்ல தளவாய் அண்ணனுக்கு என்ன வேல? இதெல்லாம் யாரும் படிக்கிறதே இல்ல. விலங்கியல் துறைல ஒரு ஃபைல் இருக்கு, அத மூத்தவங்க எளையவங்களுக்குக் குடுப்பாங்க. பேர மாத்து, பதிவு நம்பர மாத்து, தேதிய மாத்து, பிரிண்ட் எடு, கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். மூணு வருசத்துக்கு முன்னாடி இசக்கி சேந்தப்போ தளவாய் அண்ணன் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தார். நேத்து சாயங்காலம் சபூராவுக்கு இசக்கி வாட்ஸ்அப்புல அனுப்புனா. சபூரா புதுசு, சேந்து மூணு வாரம்தான் ஆகுது, பஸ் டிக்கெட்டோட பின்பக்கத்தயும் விடாமப் படிக்கிற பிள்ள. "பாருங்கக்கா, மொதப் பத்தில என் பேரு. ரெண்டாவது பத்தில அவரு பேரு"ன்னு தாள நீட்டுனா. இசக்கி வாங்கிப் படிச்சா, பெறகு தன்னோட கோப்பத் தொறந்து தன் தாளயும் படிச்சா. க. இசக்கியம்மாள் ஆகிய நான் இப்பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்துள்ளேன். சரி. அடுத்தது. சு. தளவாய் ஆகிய நான் அரசு அல்லது தனியார் நிறுவனம் எதிலும் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ பணிபுரியவில்லை என உறுதியளிக்கிறேன். அதுக்குக் கீழ அவ கையெழுத்து, காலைல நீல மைல போட்டது, கடைசி எழுத்துக்கு அடில ஒரு வாலோட.

முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. மூக்கு வழியா வந்த சிரிப்பு, முன்னாடி நின்னவன் திரும்பிப் பாத்தான். மூணு வருசம், அப்போ ஆறு தடவ, இது ஏழாவது. ஆறு தடவயும் இந்த ஜன்னல்ல நின்னு, தளவாய் அண்ணனுக்கு எங்கயும் வேல இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா, ஆறு தடவயும் உள்ள இருக்குற குற்றாலிங்கம் சார் சீல் வச்சு வாங்கியிருக்காரு! ஒரு மனுசங்கூடப் படிக்கல. "நான் இத அடிச்சுட்டு என் பேர எழுதிருதேன்க்கா, எனக்கு என்ன, நான் எங்கயும் வேல பாக்கலியே"ன்னு சபூரா செவுத்துல தாள வச்சு எழுத ஆரம்பிச்சா. பேனா செவுத்துச் சொரசொரப்புல குதிச்சுக் குதிச்சுப் போச்சு. "நீங்களும் மாத்திருங்கக்கா." மாத்தலாம். ஒரு கோடு, ஒரு பேரு, அரை நிமிச வேல. ஆனா இசக்கியோட கை கோப்புக்குள்ளயே கெடந்துச்சு. ஏன்னா ஒரு வருசமா இசக்கி வேல பாக்கா. டவுன்ல ஒரு நீட் கோச்சிங் சென்டர், சாயங்காலம் அஞ்சு மணிலேருந்து எட்டு மணி வர, உயிரியல், மாசம் ஒம்போதாயிரம். இங்க அது யாருக்கும் தெரியாது. கைடுக்குத் தெரியாது, சபூராவுக்குத் தெரியாது. வீட்டுலயும் தெரியாது, அம்மா அது யூனிவர்சிட்டி குடுக்குற பணம்னு நெனச்சுட்டிருக்கா. பீடித்தட்ட மடில வச்சுட்டு பக்கத்து வீட்டுல பெருமையா வேற சொல்லுவா, எம் மவளுக்குப் படிக்கதுக்கே சம்பளம் குடுக்காங்கன்னு. நாலரைக்கு லேப்ப விட்டுக் கெளம்பும்போது யாராவது எங்கன்னு கேட்டா பல்லு வலி, ரேசன் கடை, கோயிலு. ஒரு மாசத்துல எத்தன பல்லுதான் வலிக்கும். இவ்வளவு நாளும் ராத்திரி படுத்தா உறுத்திட்டே இருந்துச்சு, பொய்ச் சத்தியம் பண்ணிட்டோம் பண்ணிட்டோம்னு. கடைசில பாத்தா பண்ணவே இல்ல! அவளப் பத்தி அவ ஒரு வார்த்தகூடச் சொல்லல. மொதப் பத்தில படிக்கேன்னு சொன்னா, அது நெசம். ரெண்டாவது பத்தில தளவாய்க்கு வேல இல்லன்னு சொன்னா, அதுவும்

அதுவும் நெசம்தான். அங்க வந்து மனசு நின்னுருச்சு, சேலை முள்ளுல மாட்டுன மாதிரி. தளவாய் அண்ணனுக்கு வேல கெடைக்கல. மூணு வருசமா கெடைக்கல. அவரு ஆறு வருசம் ஆராய்ச்சி பண்ணுனாரு, தாமிரபரணி நத்தைங்களப் பத்தி, எந்த நத்தை எந்தப் படித்தொறைல எத்தன முட்ட போடும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. ஆறு வருசம் முடிஞ்சா கட்டணம் ரெண்டு மடங்கு. அது எங்கயோ பதினஞ்சாம் பக்கத்துல ஒரு விதில கெடந்தது, அவரு ஏழாவது வருசத்துக்குச் செலான் எழுத வந்தப்பத்தான் இந்த ஜன்னல்ல சொன்னாங்க. அன்னைக்குக் கட்டாமத் திரும்பி வந்தவரு லேப்ல நத்தைத் தொட்டிக்குத் தண்ணி மாத்துனாரு, மேசையத் தொடச்சாரு, "நல்லாப் பாத்துக்க பிள்ள, இதுங்களுக்குச் சத்தம் ஆகாது"ன்னுட்டுப் போனாரு. அப்புறம் எங்கெங்கயோ இண்டர்வியூ. தனியார் காலேஜ், கவுரவ விரிவுரையாளர், மருந்துக் கம்பெனி. எல்லா எடத்துலயும் கடைசி வட்டம் வர போவாரு, கடைசி ரெண்டு பேருல ஒருத்தரா நிப்பாரு, மத்தவனுக்குக் கெடைக்கும். ஜனவரில ஒண்ணு, ஜூலைல ஒண்ணு. இசக்கி அத மனசுக்குள்ள திரும்பச் சொல்லிப் பாத்தா. ஜனவரி, ஜூலை. அவ கையெழுத்துப் போடுறதும் ஜனவரி, ஜூலை. ச்சீ, நீ படிச்சது என்ன, நெனக்கது என்ன, தாளுக்கும் தலையெழுத்துக்கும் என்ன இருக்கு, நாலு முட்ட அதிகமாப் போட்டாலே புள்ளியியல் கேக்குற ஆளு நீ. ஆனா அது அறிவு சொல்றது. உள்ள இன்னொண்ணு இருக்கே, அது புள்ளியியல் படிக்கல. அது சொல்லுது, ஒரு மனுசனுக்கு வேல இல்ல, வேல இல்லன்னு ஆறு தடவ எழுதி, சீல் வச்சு, கவர்மெண்டு பீரோல வச்சுப் பூட்டுனா அவனுக்கு எப்படி வேல கெடைக்கும்?

வரிசை நாலடி நகந்துச்சு. இன்னும் ஏழு பேர். காத்தாடி மேல சுத்துது, காத்து மட்டும் வேற எங்கயோ போகுது. செவுத்துல கட்டண விவரம் ஒட்டியிருந்தாங்க, கண்ணு தானா அதுல போய் ஒக்காந்துச்சு. முழுநேரம் அரையாண்டுக்கு ஆறாயிரத்து நூத்தம்பது. பகுதிநேரம் பதினஞ்சாயிரம். கீழ பொடி எழுத்துல, பணியில் சேர்ந்த தேதி முதல் வித்தியாசத் தொகை வசூலிக்கப்படும். வேல பாக்கறவன் சம்பாதிக்கான், அதனால கூடக் கட்டணும்னு கணக்கு. கட்டணம் கட்டத்தான் வேல பாக்கோம்ங்கிறதுக்கு அந்தத் தாள்ல ஒரு கட்டம் இல்ல. உண்மையச் சொன்னா என்ன ஆகும்? வித்தியாசம் எட்டாயிரத்து எண்ணூத்தம்பது, ரெண்டு அரையாண்டு, பதினேழாயிரத்து எழுநூறு. இந்தத் தடவைக்குப் பதினஞ்சாயிரம். ஆகமொத்தம் முப்பத்திரெண்டாயிரத்து எழுநூறு. கைல ஆறாயிரத்து நூத்தம்பது, கவர்ல, அம்பது ரூவா மட்டும் சில்லறையா. பாங்குல இருவத்திரெண்டாயிரம் கெடக்கு, ஆனா அது ஆய்வேடு சமர்ப்பிக்கிற கட்டணத்துக்கு, அதுல கை வைக்க முடியாது, கை வச்சா அடுத்த வருசம் முடிக்கவே முடியாது. முடிக்காமப் போனா? நத்தைத் தொட்டியத் தொடச்சுட்டு, யாரோ ஒரு புதுப் பிள்ளகிட்ட சத்தம் ஆகாதுன்னு சொல்லிட்டு, ஃபைல குடுத்துட்டுப் போகணும். பேசாம அண்ணன் பேரோடயே இருக்கட்டும்னா? யாரும் படிக்கப் போறதில்ல. ஏழாவது தடவையும் போகும், எட்டாவதும் போகும். அப்போ அவருக்கு? திரும்பத் திரும்ப அதே எடத்துல வந்து மாட்டுச்சு. கடைசில போன எடுத்தா. "சபூரா, என் எடத்தப் பாத்துக்க"ன்னுட்டு ரெண்டடி தள்ளிப் போய் நின்னு தளவாய் அண்ணனுக்குப் போட்டா.

"என்ன பிள்ள, அதிசயமா இருக்கு. நத்தை எதுவும் செத்துப் போச்சா?"ன்னாரு எடுத்ததுமே. பின்னாடி நாற்காலி இழுக்குற சத்தம், யாரோ பேரு கூப்புடுற சத்தம். "அண்ணே, எங்க இருக்கிய?" "தென்காசில. ஒரு காலேஜ்ல இண்டர்வியூ. எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காவ. சொல்லு, சீக்கிரம்." இன்னைக்கா! சொல்லாம வச்சுரலாம்னு இசக்கி நெனச்சா, அதுக்குள்ள வாய் சொல்ல ஆரம்பிச்சுருச்சு, ஃபைலு, ரெண்டாவது பத்தி, ஆறு தடவ. அவரு சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு, பக்கத்துல இருந்தவங்க என்ன நெனச்சாங்களோ. "அடப் பாவி! நீதானா அது? நான் மூணு வருசமா சனிப் பெயர்ச்சின்னுல்லா நெனச்சுட்டிருக்கேன்!" "அண்ணே, வெளையாடாதிய, எனக்குப் படபடன்னு வருது." "எனக்கு அத என் சீனியர் பொன்னையா அண்ணன் குடுத்தாரு. நான் ரெண்டு எடத்துலயும் மாத்துனேன். நீ ஒரு எடத்தோட விட்டுட்ட. ஆராய்ச்சியாளராம் ஆராய்ச்சியாளர்." இன்னும் சிரிச்சுட்டே இருந்தாரு. அவ மெதுவா, செவுத்தப் பாத்துட்டு, கோச்சிங் சென்டர் விசயத்தயும் சொன்னா. இதுவர யார்கிட்டயும் சொன்னதில்ல. சிரிப்பு நின்னுச்சு. "எவ்வளவு குடுக்கான்?" "ஒம்போதாயிரம்." "பரவாயில்லயே"ன்னாரு, உண்மையான ஆசையோட. அப்புறம் சொன்னாரு, "அப்போ ஒண்ணு செய்யி. மாத்தாத. என் பேரே இருக்கட்டும். நான் எங்கயும் வேல பாக்கல, அது சத்தியம். நீ போடுத கையெழுத்துல பொய்யே இல்ல. யாருக்கு என்ன நட்டம்?" "அண்ணே, இன்னைக்கு நீங்க இண்டர்வியூல..." "கெடச்சுருச்சுன்னா ஜனவரில மாத்திக்கோ. நான் போன் பண்ணிச் சொல்லுதேன். கெடைக்கலன்னா இன்னும் ஆறு மாசம் ஓட்டு. என் பேரு சும்மாத்தான கெடக்கு, யாருக்காவது ஒதவட்டும்." அப்போ அந்தப் பக்கம் திரு தளவாய்னு யாரோ கூப்புட்டாங்க, "அய்யோ கூப்புடுதாவ"ன்னாரு, போன் கட்டாயிருச்சு.

அவ வரிசைக்குத் திரும்பி வந்தப்போ நாலு பேருதான் இருந்தாங்க. சபூரா ஏதோ கேட்டா, கட்டுன பெறகு சாப்பிடப் போவோமாக்கான்னு இருக்கணும், இசக்கி தலைய ஆட்டுனா. என் பேரு சும்மாத்தான கெடக்கு. எப்படி அத அவ்வளவு லேசாச் சொன்னாரு? சட்டைய எரவல் குடுக்குற மாதிரி. நல்ல சட்டை, எனக்கு இப்போதைக்கு வேண்டாம், நீ போட்டுக்கோ. இந்நேரம் அவரு உள்ள ஒக்காந்திருப்பாரு. மூணு பேரு எதுத்தாப்புல. ஆறு வருசம் பண்ணீங்க, ஏன் முடிக்கலன்னு கேப்பாங்க, எல்லா எடத்துலயும் மொதக் கேள்வி அதுதான்னு சொல்லியிருக்காரு. கட்டணம் கட்ட முடியலன்னு சொல்ல மாட்டாரு. குடும்பச் சூழ்நிலைம்பாரு. அவங்க தாளப் பாப்பாங்க. தென்காசில அவங்க தாளப் பாக்குற அதே நேரத்துல, இங்க அவ ஜன்னல் வழியா ஒரு தாள நீட்டுவா, தளவாய் எங்கயும் பணிபுரியவில்லை, இன்னைக்குத் தேதி போட்டு, சீலு வச்சு. ரெண்டு தாளும் எங்கயோ ஒண்ணையொண்ணு பாத்துக்குற மாதிரி தோணுச்சு. மூடநம்பிக்கை. ஆமா, மூடநம்பிக்கைதான், இருந்துட்டுப் போகட்டும்! லாபத்துக்குத் தெரிஞ்சு செய்யறதும் தெரியாமச் செஞ்சதும் ஒண்ணாகுமா? ஆறு தடவ தெரியாமப் போட்டது. ஏழாவது தெரிஞ்சு போட்டா, அவருக்கு வேல கெடைக்காம இருக்கதுல இவளுக்கு ஒரு வசதி இருக்குன்னு ஆயிரும். ஜனவரி வந்தா போன் அடிக்கும், அண்ணன் பேரு தெரியும், அப்போ ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கெடச்சிருக்கக் கூடாதேன்னு மனசு நெனச்சுட்டா? நெனக்கும். அவளுக்கு அவ மனசத் தெரியும். ஒம்போதாயிரத்துக்கும் பதினஞ்சாயிரத்துக்கும் நடுவுல கெடந்து அது என்னென்ன நெனச்சிருக்குன்னு தெரியும். சென்டர்ல ஒரு பய காச்சல்னு லீவு போட்டா, பீசு வாங்கியாச்சான்னுதான் மொதல்ல நெனக்குது. இசக்கி பேனாவ எடுத்தா. கோப்ப முழங்கைல வச்சு, சு. தளவாய்ங்கிறத ஒரே கோட்டுல அடிச்சா. இன்னொரு கோடும் போட்டா, எழுத்து தெரியாத அளவுக்கு. உடனே என்னமோ எறங்குன மாதிரி இருந்துச்சு. மேல தன் பேர எழுதணும். எழுதல. பேனா அந்த எடத்துக்கு மேல நின்னுச்சு. இப்போ அந்த வாக்கியத்துல ஆளே இல்ல. ஆகிய நான் எதிலும் பணிபுரியவில்லை. யாரோ. அப்படியே குடுத்துரலாமா? யாரும் படிக்கப் போறதில்லையே. அப்படியும் ஒரு வழி இருக்கேன்னு மனசு உடனே அதப் புடிச்சுக்கிச்சு, வெக்கமே இல்லாம. முன்னாடி நின்ன பையன் வேர்வை முதுகோட வெலகுனான். ஜன்னல்.

குற்றாலிங்கம் சார் தாள வாங்குனாரு. நெத்தில திருநீறு, மூக்கு நுனில கண்ணாடி, எடது கைல சீல். எப்பவும் போல கடைசில கையெழுத்து இருக்கான்னு மட்டும் பாத்தாரு, சீல தூக்குனாரு, அப்போ அந்த அடிச்ச எடம் கண்ணுல பட்டுருச்சு. மூணு வருசத்துல மொதத் தடவையா அந்த மனுசன் அந்தத் தாளப் படிச்சாரு. "இது யாரும்மா, அடிச்சு வச்சிருக்க?" "எங்க சீனியர் சார். அவரு ஃபைல் அது." "சரி, அந்த எடத்துல உன் பேர எழுதிக் குடு. அடிச்சதுக்குப் பக்கத்துலயும் ஒரு கையெழுத்து"ன்னு தாளத் திருப்பித் தள்ளுனாரு. தள்ளிக்கிட்டே, மை டப்பாவத் தேடிக்கிட்டே, அவ மூஞ்சியக்கூடப் பாக்காம, "நீ எங்கயும் வேல பாக்கலல்லா?"ன்னு கேட்டாரு. கேக்கணும்னு கேக்கல, பஸ்ஸுல கண்டக்டர் எறங்குற எடத்தக் கேக்குற மாதிரி கேட்டாரு. இல்ல சார். ரெண்டே வார்த்தை. வாய்க்குள்ளதான் இருந்துச்சு. ஒரு வருசமா பல்லு வலின்னு சொன்ன வாய், ரேசன் கடைன்னு சொன்ன வாய். ஆனா அதெல்லாம் யாரும் வேலையப் பத்திக் கேக்காதப்போ சொன்னது. வேல பாக்கியான்னு ஒரு மனுசன் நேரடியாக் கேட்டது இதுதான் மொதத் தடவ.

"பாக்கேன் சார்."

மை டப்பாவத் தேடுன கை நின்னுச்சு. கண்ணாடிக்கு மேல அவளப் பாத்தாரு. இப்பத்தான் மூஞ்சியப் பாக்காரு. பின்னாடி சபூரா மூச்ச இழுத்தது இசக்கிக்குக் கேட்டுச்சு. "ஏம்மா"ன்னாரு சார், கொரலத் தாழ்த்தி, "அத ஏம்மா எங்கிட்ட வந்து சொல்லுத? பன்னெண்டரை ஆகப் போகுது." அவளுக்கும் தெரியல ஏன்னு. அப்புறம் அவரே பெருமூச்சு விட்டுட்டு, கீழ் டிராயர இழுத்து, ஒரு ஃபாரத்த எடுத்து ஊதுனாரு. பகுதிநேரமாக மாற்றக் கோரும் விண்ணப்பம். ஓரமெல்லாம் பழுத்திருந்துச்சு. "தவணைல கட்டலாம். ஆனா கைடு கையெழுத்து வேணும், துறைத்தலைவர் கையெழுத்து வேணும். எல்லாருக்கும் தெரிஞ்சு போகும், பாத்துக்க." "சரி சார்." "எங்க பாக்க?" சொன்னா. எழுதுனாரு. "எப்போலேருந்து?"ன்னு கேட்டுட்டு, பேனாவத் தாள்ல வைக்காம, நிமிந்து பாத்தாரு. "நிதானமா யோசிச்சுச் சொல்லு. போன வருசம் ஜூலைக்கு முன்னாடின்னு வந்தா அதுக்கு முந்துன அரையாண்டும் முழுசாச் சேரும். ஜூலைன்னா சேராது. புரியுதா?" புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. நல்ல மனுசன், கதவத் தொறந்து வச்சுட்டுத் தள்ளி நிக்காரு. ஆனா வாய் தொறந்தது தொறந்ததுதான், மூட வரல.

"ஜூன் ரெண்டாந்தேதி சார். திங்கக்கெழம."

சொல்லி முடிச்ச பெறகுதான் கணக்கு வந்து மண்டைல விழுந்துச்சு, இன்னொரு எட்டாயிரத்து எண்ணூத்தம்பது, ஆகமொத்தம் நாப்பத்தோராயிரத்து ஐநூத்தம்பது. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டா. கம்பி சூடா இருந்துச்சு.

"கெழமையெல்லாம் நான் கேக்கலியேம்மா"ன்னாரு குற்றாலிங்கம் சார். ஆனா அதயும் எழுதிக்கிட்டாரு.